வீடு நம்முடையது, வெளிச்சுவர் யாருடையது?

மும்பையில் ஒரு வீட்டுக்கு வெளியே என்ன நிறம் அடிப்பது என்ற கேள்விக்கு, அந்த வீட்டில் வசிப்பவர் பதில் சொல்வது அபூர்வம்

காட்கோபரிலிருந்து வெர்சோவா செல்லும் மெட்ரோ ரயில் ஜாக்ருதி நகரைத் தாண்டி அசல்பா நிலையத்தை நெருங்கும்போது, கைபேசியில் மூழ்கியிருக்கும் பயணிகளில் சிலராவது தலையைத் தூக்கிப் பார்ப்பதுண்டு. ஜன்னலுக்கு வெளியே ஒரு குன்று. குன்று முழுவதும் வீடுகள், ஒன்றின் தோளில் இன்னொன்று ஏறி நிற்பதைப் போல. 2014 ஜூனில் இந்த ரயில் ஓடத் தொடங்கியபோது அந்தக் காட்சியில் சிமென்டின் சாம்பல் நிறமும் துருப்பிடித்த தகரமும் நீல பிளாஸ்டிக் தார்ப்பாயும்தான் இருந்தன. 2017 டிசம்பரில் மஞ்சளும் ரோஸும் ஆகாய நீலமும் வந்து சேர்ந்தன.

செய்தவர்கள் 'சல் ரங் தே' என்ற அமைப்பினர். தமிழில் சொன்னால் 'வா, வண்ணம் பூசு'. அமைப்பைத் தொடங்கிய தேதீப்யா ரெட்டி ரயிலிலிருந்து இந்தக் குன்றைப் பார்த்துத்தான் யோசனை பிறந்ததாகச் சொன்னார். ஸ்னோசெம் நிறுவனம் பெயின்ட் கொடுத்தது. சுமார் 750 தொண்டர்கள் வார இறுதி நாட்களில் வந்து ஏறத்தாழ 175 சுவர்களுக்கு வண்ணம் பூசிப் படங்களும் வரைந்தார்கள். பத்திரிகைகள் உடனே இத்தாலியின் கடலோர ஊரான பொஸித்தானோவை நினைவுகூர்ந்தன. அசல்பாவில் கடலைத் தவிர எல்லாம் இருப்பதாகப் படித்தவர்கள் நினைத்திருக்கக்கூடும்.

குடியிருந்தவர்களிடம் சம்மதம் கேட்கப்பட்டது, அவர்களில் சிலர் தூரிகையும் பிடித்தார்கள். ஆனால் எந்தச் சுவருக்கு எந்த நிறம், பக்கத்துச் சுவரோடு அது எப்படிச் சேரும் என்ற திட்டம் அமைப்பின் கையில்தான் இருந்தது. இருக்கத்தான் செய்யும். ஒரு குன்றையே ஒரே படமாகப் பார்க்க வேண்டுமானால் தூரத்தில் நிற்க வேண்டும். சந்துக்குள் இருப்பவருக்கு எதிர்ச்சுவர் மட்டும்தான் தெரியும். ரயிலுக்காகத் தீட்டப்பட்ட ஓவியம் அது.

இதற்கு எதிர்க்குரல்களும் எழுந்தன. தண்ணீரும் கழிப்பிடமும் சரியாக இல்லாத இடத்தில் பெயின்ட் எதற்கு என்று கேட்டார்கள். காட்கோபர் குன்றுச்சரிவுக் குடிசைகளில் 2000 ஜூலை மழையில் மண் சரிந்து எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை மறக்காதவர்களுக்கு அந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகக் கேட்கும். தமிழில் இதற்கென்றே ஒரு சொல் வைத்திருக்கிறோம்: பூசி மெழுகுவது.

ஆனாலும் வாதம் அத்தோடு முடிந்துவிடவில்லை. தினமும் வேலை முடிந்து ஏறி வரும் படிக்கட்டின் ஓரம் பளிச்சென்று இருப்பதில் ஒருவருக்கு மகிழ்ச்சி வந்தால் அதைப் போலி என்று சொல்ல வெளியாளுக்கு என்ன உரிமை? என்னைக் கேட்டால் விஷயம் பெயின்ட் அடித்ததில் இல்லை. இரண்டாவது முறை யார் அடிப்பார்கள் என்பதில் இருக்கிறது. மும்பையின் வெளிச்சுவரில் சிமென்ட் பெயின்ட் மூன்று நான்கு மழைக்காலம் தாங்கினால் பெரிது. அன்பளிப்பாக வந்த நிறம் மங்கும்போது, அதைப் புதுப்பிக்கும் பொறுப்பு எந்தக் கணக்கிலும் எழுதப்படுவதில்லை.

பிரேஸிலின் ரியோ நகரில் சாந்தா மார்த்தா குன்றின் குடியிருப்புக்கு 2010இல் இரண்டு டச்சு ஓவியர்கள் இதேபோல் வண்ணம் பூசினார்கள், 34 வீடுகள். சென்னையிலும் நடந்திருக்கிறது. கூவம், அடையாறு கரைகளிலிருந்தும் நகரின் மற்ற இடங்களிலிருந்தும் அகற்றப்பட்டவர்கள் குடியேற்றப்பட்ட கண்ணகி நகரில் 2020 தொடக்கத்தில் அடுக்குமாடிகளின் பக்கச் சுவர்களில் பிரம்மாண்டமான முகங்கள் எழுந்தன. இங்கெல்லாம் பொதுவான அம்சம் ஒன்று உண்டு. ஏழைகளின் சுவர் ஊருக்குப் பொதுவான சுவராகிவிடுகிறது. மலபார் ஹில்லில் யாரும் சம்மதம் கேட்டுக்கொண்டு பெயின்ட் வாளியோடு போவதில்லை.

ஆனால் மும்பையில் வெளிச்சுவரின் மீது அதிகாரம் இல்லாதவர்கள் ஏழைகள் மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். மாட்டுங்காவுக்குப் போனால் தெரியும்.

1896இல் வந்த பிளேக் நோய்க்குப் பிறகு, 1898இல் அமைக்கப்பட்ட நகர மேம்பாட்டு டிரஸ்ட் திட்டமிட்டு உருவாக்கிய பகுதி தாதர்-மாட்டுங்கா. அகன்ற தெருக்கள், மரங்கள், கட்டடங்களுக்கு நடுவே காற்று புக இடைவெளி. கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றி 1930களிலும் 40களிலும் எழுந்த மூன்று மாடிக் கட்டடங்களில் வளைந்த பால்கனிகளும், ஜன்னலுக்கு மேலே புருவம் போல நீளும் சஜ்ஜாக்களும் இருக்கும். 'ஆர்ட் டெக்கோ' பாணி. சர்க்கார் அலுவலகங்களிலும் கம்பெனிகளிலும் குமாஸ்தாவாகவும் ஸ்டெனோவாகவும் சேர வந்த தமிழர்கள் இந்த வீடுகளில் வாடகைக்குப் புகுந்தார்கள். மூன்றாவது தலைமுறை இன்னும் அங்கேயே இருக்கிறது.

வாடகையும் கிட்டத்தட்ட அங்கேயே இருக்கிறது. 1947ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் 1940 செப்டம்பர் முதல் தேதியன்று என்ன வாடகையோ அதையே அளவுகோலாகப் பிடித்துவைத்தது. மாதம் சில நூறு ரூபாய் வாங்கும் கட்டட சொந்தக்காரர் லட்சக்கணக்கில் செலவழித்து வெளிப்புறம் பெயின்ட் அடிப்பாரா? மாட்டார். குடியிருப்பவர் அடிப்பாரா? சுவர் அவருடையது இல்லை. பெருந்தொகை கொடுத்து வாடகை உரிமையை வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு இந்த ஊரில் 'பகடி' என்று பெயர். தமிழில் பகடி என்றால் கேலி. இந்த ஊர்ப் பகடியில் யார் யாரைக் கேலி செய்கிறார்கள் என்று சொல்வது கஷ்டம்.

ஆகவே பல கட்டடங்களின் நிறத்தை முடிவுசெய்வது மழைதான். முதலில் கிரீம் நிறமாக இருந்திருக்கும். அதன்மேல் பச்சைப் பாசி, வெயிலில் அது காய்ந்து கறுப்பு, சஜ்ஜாவின் கீழே தண்ணீர் வழிந்த கோடுகள், கம்பி துருவேறிய இடத்தில் செம்பழுப்பு. சிலர் உள்பக்கச் சுவருக்கு மட்டும் விலையுயர்ந்த எமல்ஷன் அடித்து, பால்கனியின் உட்புறத்தை மட்டும் தன் விருப்பப்படி பிஸ்தா பச்சையாக்கி வைத்திருப்பார்கள். தெருவிலிருந்து அண்ணாந்து பார்த்தால், கறுத்த கட்டடத்தில் இங்கொன்றும் அங்கொன்றுமாக அந்தப் பச்சை தெரியும்.

பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் இடம் பிடித்தவற்றுக்கு வேறு சட்டம். 1995இல் மும்பைக்கு வகுக்கப்பட்ட பாரம்பரிய விதிகள் இடிப்பதற்கும் கட்டுவதற்கும் மட்டும் அனுமதி கேட்கவில்லை. பெயின்ட் அடிப்பதையும் அந்த வரிசையில் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கின்றன. நல்ல கட்டடக் கலைஞர்கள் சுவரை ஒரு மூலையில் அடுக்கடுக்காகச் சுரண்டிப் பார்ப்பார்கள். ஏழெட்டு தீபாவளிகளின் பூச்சுக்கு அடியில், கட்டிய அன்று இருந்த நிறம் தெரியும். 2018இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தவை ஓவல் மைதானத்தையும் மரைன் டிரைவையும் ஒட்டிய கட்டடங்கள். மாட்டுங்காவுக்கு அந்தக் கவசம் இல்லை. இங்கே பழைய கட்டடங்கள் ஒவ்வொன்றாக இடிந்து கண்ணாடிக் கோபுரங்களாகின்றன. கண்ணாடிக்கு நிறம் தேர்ந்தெடுக்கும் தொல்லை கிடையாது.

செம்பூரில் வீடு சொந்தம். ஆனால் அங்கும் சுவர் சொசைட்டியுடையது. கூட்டுறவு வீட்டு வசதிச் சங்கத்தில் வெளிப்பூச்சு பொதுச் செலவு. அதற்காகவே ஆண்டுதோறும் கட்டுமானச் செலவில் குறைந்தது முக்கால் சதவீதத்தைப் பழுதுபார்ப்பு நிதியாக எடுத்துவைக்கச் சொல்கிறது மாதிரி துணைவிதி. நிறத்தை முடிவுசெய்வது பொதுக்குழுக் கூட்டம். சொசைட்டி வாழ்க்கை தெரிந்தவர்களுக்கு இந்தக் கூட்டங்களை வர்ணிக்க வேண்டியதில்லை. சமோசா வரும். ஷேட் கார்டு சுற்றுக்கு விடப்படும். வாஸ்துப்படி தென்மேற்கில் நீலம் கூடாது என்பார் ஒருவர். எதிர் சொசைட்டியைப் போலவே அடித்துவிடலாம் என்பார் இன்னொருவர். எதிர் சொசைட்டியைப் போல மட்டும் வேண்டவே வேண்டாம் என்பார் மூன்றாமவர். கடைசியில் கிரீமும் காப்பிப் பழுப்பும் ஜெயிக்கும். யாருக்கும் பிடித்த நிறம் என்பதால் இல்லை, யாரும் எழுந்து ஆட்சேபிக்காத நிறம் என்பதால்.

கிரீமுக்கு எதிராகச் செம்பூரில் ஒரு நியாயமான காரணமும் உண்டு. பக்கத்திலேயே 1950களிலிருந்து இயங்கும் மாஹுல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள், டிராம்பே உரத் தொழிற்சாலை, ஓயாத லாரிப் போக்குவரத்து. வெளிர்நிறச் சுவரில் இரண்டே வருடத்தில் புகையும் தூசியும் கணக்கு எழுதிவிடும். சாம்பல் கலந்த நிறங்கள் இங்கே பிழைக்கும். கல் நிறம், மங்கிய மண் நிறம், வெளிறிய ஆலிவ் பச்சை ஆகியவற்றில் அழுக்கு தனியாகத் தெரியாது. சொசைட்டி கூட்டங்களில் அபூர்வமாகப் பேசப்படும் விஷயம் இது. பேசப்பட வேண்டிய இன்னொன்று பெயின்ட் டப்பாவில் இல்லை: சஜ்ஜாவின் அடிப்பக்க விளிம்பில் தண்ணீர் சொட்டிவிழ ஒரு சிறு பள்ளக்கோடு இழுத்திருக்கிறார்களா என்பது. அது இருந்தால் மழைநீர் சுவரில் வழியாது. இல்லையென்றால் எந்த நிறமும் கறுப்புக் கோடு போட்ட நிறம்தான்.

நிறத்திலும் ஆயுள் வித்தியாசம் உண்டு. பளிச்சிடும் மஞ்சள், ஊதா, ரத்தச் சிவப்பு போன்றவற்றில் பல, ரசாயன முறையில் செய்யப்பட்ட கரிமச் சாயங்களால் ஆனவை. வெயிலும் சிமென்டின் காரமும் அவற்றைச் சீக்கிரம் தின்றுவிடும். காவி, மஞ்சள் மண், செம்பழுப்பு ஆகியவை இரும்பு ஆக்ஸைடு நிறங்கள். இவை அசையாது. நம் ஊர் வீடுகளில் சுவரின் அடிப்பகுதியில் காவிப் பட்டையும் மேலே சுண்ணாம்பு வெள்ளையும் அடித்தவர்களுக்கு இந்த வேதியியல் தெரியாது. ஆனால் கீழே சேறு தெறிக்கும் என்பதும் காவி நிற்கும் என்பதும் தெரிந்திருந்தது. சுண்ணாம்புக்குப் பளபளப்பு வர ஒரு துளி நீலம் சேர்ப்பார்கள். நெடுநல்வாடை காட்டும் அரண்மனையில்கூட வெள்ளியாய் ஒளிரும் சுதையும் செம்பால் வார்த்தது போன்ற சுவரும் இருக்கின்றன. வெள்ளையும் செம்மையும் சேர்ந்த அந்த ஜோடிக்கு வயது இரண்டாயிரத்தை நெருங்கும்.

இனி தாராவி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தோல் பதனிடும் தொழிலில் சேர்ந்தவர்களின் சந்ததியினர் வாழும் சந்துகளில் நடந்தால் ஓர் ஆச்சரியம் காத்திருக்கும். பல வீடுகளின் வெளிச்சுவரில் பெயின்டே இல்லை, குளியலறை டைல்ஸ்! பூப்போட்டவை, சலவைக்கல் போன்றவை, கடையில் மிச்சமானதை வாங்கியதால் பாதிச்சுவர் ஒரு தினுசு, மீதி இன்னொரு தினுசு. நடுவே பிள்ளையார் படமோ வேளாங்கண்ணி மாதாவோ மெக்கா மசூதியோ உள்ள ஒரு டைல். பக்தியோடு, யாரும் அங்கே எச்சில் துப்பாதிருக்க ஏற்பாடும் அதுவே.

வெளியூர்க்காரர்கள் இதை ரசனைக் குறைவு என்று சொல்லிச் சிரிப்பதுண்டு. மும்பையில் பருவமழை நான்கே மாதத்தில் இரண்டாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. இரண்டு பேர் எதிரெதிரே கடக்க முடியாத சந்தில் வெயில் படாது, சுவர் காயாது. வாசலிலேயே பாத்திரம் கழுவி, துணி துவைத்து, குளிப்பதும் உண்டு. சிமென்ட் பெயின்ட் அடிப்பதென்றால் முதலில் சுவரை நனைக்க வேண்டும், அடித்த பிறகும் தண்ணீர் தெளித்துப் பதப்படுத்த வேண்டும். குழாயில் தண்ணீர் வரும் கொஞ்ச நேரத்துக்குக் குடங்களோடு காத்திருக்கும் வீட்டில் சுவருக்கு ஏது தண்ணீர்? டைல்ஸை ஒரு ஈரத்துணியால் துடைத்தால் போதும். ஒரு முறை செலவு, பத்து இருபது வருடம் கவலையில்லை. தாராவிக்காரர் தன் வெளிச்சுவருக்கு எதைத் தேர்ந்தெடுக்க வேண்டுமோ அதைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார். யாரும் வந்து கற்றுக்கொடுக்கவில்லை.

2018இல் வந்த 'காலா' படத்தை இந்தக் கண்ணோடு பார்த்தால் வேறொன்று தெரியும். தாராவியைச் சுத்தப்படுத்தப் புறப்படும் வில்லனுக்கு வெள்ளை உடை, வெள்ளை வீடு. தாராவியின் தலைவனுக்குக் கறுப்பு. கடைசியில் திரை முழுவதும் கறுப்பும் சிவப்பும் நீலமுமாகப் பொடி பறக்கும். ரஜினி ரசிகர்களுக்கு அது திருவிழா. தாராவியில் வசிப்பவருக்கு அது தன் சந்தின் மேல் யாருடைய நிறம் பூசப்படப்போகிறது என்ற கேள்வி.

அந்தக் கேள்வி இப்போது சுவரிலேயே எழுதப்பட்டிருக்கிறது. தாராவி மறுசீரமைப்பு ஒப்பந்தப் போட்டியில் 2022 நவம்பரில் அதானி குழுமம் முந்தியது. 2023இல் மகாராஷ்டிர அரசு ஒப்பளித்தது. 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. லேசர் கருவியால் சந்துகளை அளந்தார்கள், ஒவ்வொரு வீட்டுக்கும் தனி எண் கொடுத்தார்கள். 2000 ஜனவரி முதல் தேதிக்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பதற்குச் சான்று வைத்திருப்பவருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு என்பது அறிவிப்பு. மேல்மாடியில் இருப்பவர்களுக்கும் பின்னால் வந்தவர்களுக்கும் தாராவிக்கு வெளியே, வேறு நிபந்தனைகளில். வெளிச்சுவரில் இன்றைக்கு முக்கியமானது நிறமா, எண்ணா என்றால் யாரும் யோசிக்காமல் பதில் சொல்லிவிடுவார்கள். எண் அழியாமலிருக்க வேண்டும்.

பொங்கல் வருகிறது, சுவருக்குப் பெயின்ட் அடிக்கலாமா? நாளை இடியப்போகும் சுவருக்குச் செலவு எதற்கு என்று ஒரு மனம் சொல்லும். எத்தனை வருடமாகத்தான் 'நாளை' என்கிறார்கள் என்று இன்னொரு மனம் கேட்கும். மறுசீரமைப்புப் பேச்சு 2004இலிருந்தே இருக்கிறது. அந்த ஆண்டு, நாளை இடிந்துவிடும் என்று நம்பிப் பெயின்ட் அடிக்காமல் விட்டவர் இருபது வருடம் சாயம்போன சுவரோடு வாழ்ந்திருப்பார். புதிய அடுக்குமாடி வந்த பிறகு இந்தக் குழப்பமும் இருக்காது. குடிசை மாற்றுக் கட்டடங்கள் மும்பையில் ஏற்கெனவே ஏராளமாக நிற்கின்றன. கட்டியவர் எந்த நிறத்தைக் குறைந்த விலையில் மொத்தமாக வாங்கினாரோ அந்த நிறத்தில்.

அரசாங்கங்களுக்கும் சுவர் மேல் ஆசை அதிகம். கல்கத்தாவில் மம்தா பானர்ஜி ஆட்சியில் நடைபாதை ஓரம் முதல் மேம்பாலம் வரை நீலமும் வெள்ளையும் ஆனது. 2014இல் வீட்டுக்கு அந்த நிறம் அடித்தால் சொத்துவரிச் சலுகை என்றுகூட மாநகராட்சி முன்வந்தது. ஆந்திராவில் ஆளுங்கட்சி நிறத்தில் பஞ்சாயத்து அலுவலகங்களுக்குப் பெயின்ட் அடித்ததை 2020இல் உயர்நீதிமன்றமும் உச்சநீதிமன்றமும் அழிக்கச் சொன்னன. இதற்கு மாறாக, அல்பேனியாவின் தலைநகர் திரானாவில் 2000ஆம் ஆண்டு மேயரான எடி ராமா அடிப்படையில் ஓவியர். பணமில்லாத நகராட்சியில், கம்யூனிஸ்ட் கால அடுக்குமாடிகளின் சாம்பல் சுவர்களுக்கு ஆரஞ்சும் மஞ்சளும் அடித்துத் தொடங்கினார். ஊர் அதைப் பற்றியே பேசியது, சண்டை போட்டது. 2013இல் அவர் பிரதமரே ஆகிவிட்டார். அங்கும் நிறத்தைத் தேர்ந்தெடுத்தவர் மேயர்தான். ஆனால் குறைந்தபட்சம் மேயரை ஓட்டுப் போட்டு மாற்றலாம்.

மும்பைத் தமிழனுக்கு வெளிச்சுவரின் நிறத்தைத் தானே தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு கிடைப்பது ஊரில். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் பஸ்ஸில் போகும்போது வயல் நடுவிலோ கிராமத்துத் தெருமுனையிலோ வாடாமல்லி நிறத்தில், கிளிப்பச்சையில், மாம்பழ மஞ்சளில் ஒரு மாடி வீடு திடீரென்று கண்ணில் அடிக்கும். முகப்பில் கட்டிய வருடம் இருக்கும். பெரும்பாலும் பூட்டியிருக்கும். சம்பாதித்தவர் பம்பாயிலோ துபாயிலோ இருப்பார். பத்துக்குப் பத்து அறையில், தன்னுடையதல்லாத சுவருக்குப் பின்னால் முப்பது வருடம் வாழ்ந்த ஒருவர் கடைசியில் தன்னுடைய சுவர் என்று ஒன்று கிடைத்ததும் அடிக்கும் நிறம் அது. அதைப் பார்த்து முகம் சுளிக்கும் கட்டடக்கலை நண்பர்கள் எனக்கு உண்டு. நான் சுளிப்பதில்லை.

ஒரே ஒரு சிக்கல். இந்தத் தேர்வு இப்போதெல்லாம் வாட்ஸ்அப்பில் நடக்கிறது. ஊரிலிருந்து பெயின்டர் ஷேட் கார்டைப் படமெடுத்து அனுப்புவார், தாராவி டியூப் லைட் வெளிச்சத்தில் கைபேசியில் பார்த்து 'இதையே அடி' என்று சொல்லிவிடுவார்கள். கைபேசித் திரை பொய் சொல்லும். தபால்தலை அளவுக் கட்டத்தில் சாதுவாகத் தெரியும் ரோஸ், இருபதடி உயரச் சுவரில் வெயில் பட்டதும் ஊரையே கூப்பிடும். பெயின்ட் கடை கம்ப்யூட்டர் மெஷினில் ஆயிரக்கணக்கில் ஷேடுகள் இருப்பதால் குழப்பமும் ஆயிரம் மடங்கு. பிடித்த நிறத்துக்கு அருகில், அதைவிட ஒரு படி மங்கலானதையும் சேர்த்து, சுவரிலேயே நான்கடிக்கு நான்கடி இரண்டு கோட் அடித்துக் காட்டச் சொல்லலாம். புதுப் பூச்சு வேலையாக இருந்தால் சிமென்ட் காய்ந்து காரம் தணிய மூன்று நான்கு வாரமாவது விட வேண்டும். பிறகு காலையில் ஒரு படம், மதியம் ஒரு படம், சாயங்காலம் ஒரு படம். முடிந்தால் ரயிலேறிப் போய் ஒரு நாள் எதிர்த் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துவிட்டே பெயின்டருக்குச் சரி சொல்லலாம்.